கோடைச் செலவு

'செலவு' என்னும் சொல் பழந்தமிழில் பயணத்தைக் குறித்தது. இற்றை வழக்கில் பணம் கையை விட்டுப் போவதைக் குறிக்கின்றது. கோடை விடுமுறையில் நம்மனோர் குடும்பத்தோடு மேற்கொள்ளும் சாலைப் பயணத்தைக் காணுங்கால், இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து குடிபுகுந்தது பொருத்தமே என்று தோன்றும். பணம் செலவாதல் குற்றமன்று. உடன் வந்தாரின் உடலும் உள்ளமும் செலவாகி, ஓய்வு நாடிப் புறப்பட்டவர் ஓய்ந்து திரும்புதலே குற்றம். அக்குற்றம் எங்குப் பிறக்கின்றது, அதனை நீக்கும் வழி யாது என்பன பற்றி என் கருத்தைக் கல்லூரி அன்பர்முன் வைக்க விழைகின்றேன்.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டி. திருமங்கலத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் 744 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்தது. அச்சாலை எங்கள் ஊரைக் கடந்து, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாக மலைத்தொடரைத் தாண்டிக் கொல்லத்துக் கடற்கரையை அடைகின்றது. கரிசல் மண்ணில் சித்திரை வெயிலைத் தாங்கிக் கிடக்கும் எங்கட்கு, அச்சாலையின் மறுபுறத்தில் அருவியும் கடலும் உள என்னும் நினைவே குளிர்ச்சி தருவது. ஆதலின் விடுமுறை பிறந்ததும் வேன் பேசுவதும், புளிச்சோறு கட்டுவதும் எங்கள் பக்கத்தில் பலருக்கு வழக்கமாயின.

சென்ற ஆண்டு மே மாதத்தில் எங்கள் குடும்பத்தார் ஒன்பதின்மர் அவ்வாறே புறப்பட்டோம். பயண அட்டவணை எழுதியவன் யான். குற்றாலம், தென்மலை, கொல்லம், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, திருநெல்வேலி என ஆறு இடங்கள், நாட்கள் இரண்டு, தொலைவோ அறுநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஒவ்வோர் இடத்துக்கும் இத்துணை நிமிடம் என்று வரையறுத்து, அதனை நேர்த்தியாக எழுதி வண்டியின் முன்புறத்தில் ஒட்டியும் வைத்தேன். வெயில் தெரியாதிருக்க நள்ளிரவில் புறப்பட்டோம். குற்றாலத்தில் பாறை இருந்தது, நீர் இல்லை. கொல்லத்தை நெருங்குகையில், எழுபத்திரண்டு வயதான என் அப்பத்தா இருக்கையிலேயே மயங்கிச் சாய்ந்தார். மருத்துவமனையில் நீரேற்றிய பின்னரே கண் விழித்தார். உடலில் நீர் வற்றியதே காரணம் என்றார் மருத்துவர். வண்டியில் தண்ணீர்க் குப்பிகள் பன்னிரண்டு இருந்தன. "ஏன் அப்பத்தா குடிக்கவில்லை?" என்றேன். "தண்ணி குடிச்சா எறங்கணும்யா, எறங்கச் சொன்னா ஒன் கணக்குக் கெட்டுப் போகுமே" என்றார்.

அச்சொல் என் நெஞ்சில் இன்றும் தைத்து நிற்கின்றது. அன்று என் தாயும் அத்தையும் அவ்வாறே நாவறண்டு இருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தேன். எங்கள் வீட்டிற்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. நம் நாட்டுப் பெண்டிர் பலர் நெடும்பயணத்தில் தாகத்தை அடக்குகின்றனர். வழியில் ஒதுங்குதற்குத் தூய இடம் இராதென்னும் அச்சமே அதன் காரணம். ஆடவர் எழுதும் அட்டவணையில் அவ்வச்சத்திற்கு ஓர் இடமும் இல்லை.

ஆகவே யான் வற்புறுத்தக் கருதுவது இஃதொன்றே: ஒரு பயணத்தின் வேகத்தையும் தொலைவையும், அதிற் செல்வாருள் மிக மெலிந்தவர் எவரோ, அவரைக் கொண்டே வரையறுத்தல் வேண்டும். இக்கருத்து புதியதன்று. ஆதியாகமத்தின் 33 ஆம் அதிகாரத்தில், பல்லாண்டு பிரிந்திருந்த ஏசா தன் தம்பி யாக்கோபைச் சேர்ந்து செல்ல அழைக்கின்றான். யாக்கோபோ, தன் பிள்ளைகள் இளையர் என்றும், மந்தையில் கறவைகள் உள என்றும், ஒரு நாள் விரைந்தோட்டினும் அவை மடியும் என்றும் கூறி, அண்ணனை முன்னே போகவிட்டு, பிள்ளைகளின் நடைக்கும் கால்நடைகளின் நடைக்கும் தக்கவாறு தான் மெல்ல வருவதாக விடை பகர்கின்றான். ஞாயிறு பள்ளியில் இக்கதையைப் பலகால் கேட்டிருக்கின்றேன். அது பயண நூல் என்பது அப்பத்தா மயங்கிய பின்னரே எனக்கு விளங்கிற்று.

எங்கள் ஊரிலேயே இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1940 இல் நிறுவப்பெற்ற காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1960 இல் மறைந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, ஆக்கிக் குவித்த பொருளின் அளவைக் கொண்டு வாழ்வை மதிப்பிடலாகாது என்றார்; அப்பொருள் மாந்தர்க்குச் செய்த நன்மையே அளவுகோல் என்பது அவர் கொள்கை. கண்ட இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பயணத்தை மதிப்பிடுவதும் அத்தகைய பிழையே.

இக்கொள்கையை ஏற்பின், திட்டம் தானே மாறிவிடும். முதலாவது, பொழுது. பாலைத்திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் வகுத்தது தொல்காப்பியம். வேனிலும் நண்பகலும் கூடிய வேளை வழிநடைக்கு ஆகாதென்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆகவே பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சாலையைத் துறந்து நிழலில் இருத்தல் நன்று. ஆயின் அதற்கு மாற்றாக நள்ளிரவிற் புறப்படுதல், வெயிலுக்கு அஞ்சிக் கூற்றுவன் வாயிற் புகுவது போலாம். விடியலுக்கு முந்திய இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடல் உறக்கத்தை மிகுதியும் வேண்டும் நேரம். ஓட்டுநர் இரவு நன்குறங்கி, ஐந்து மணிக்குப் புறப்பட்டாலே வெயில் ஏறுமுன் நூறு கிலோமீட்டர் செல்லலாம்.

இரண்டாவது, அவ்வோட்டுநர். அவரும் நம்முடன் பயணம் செய்யும் ஒரு மனிதர் என்பதை வாடகை கொடுப்போர் மறந்து விடுகின்றனர். நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற்படாத வேலையும், ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரைமணிக்குக் குறையாத ஓய்வும் வேண்டுமென்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 இலேயே வகுத்தது. என் அட்டவணையில் எங்கள் ஓட்டுநர் முதல் நாளிற் பதினாறு மணி நேரம் விழித்திருக்க வேண்டியவர். அதனை அன்று ஒருவரும் எண்ணிப் பார்த்திலேம்.

மூன்றாவது, தங்குமிடம். காணத்தக்க இடங்களை வரையுமுன், இறங்கத்தக்க இடங்களை வரைதல் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தூய கழிப்பிடமுள்ள உணவு விடுதியோ, உறவினர் இல்லமோ வழியில் உண்டா என்று முன்னரே கேட்டறிதல் நன்று. அதன்பின் மோரும் நுங்கும் தண்ணீரும் எவரும் அச்சமின்றி அருந்துவர். வண்டியை வெயிலிற் பூட்டி, குழந்தைகளை உள்ளே விட்டுச் செல்லுதல் ஒருபோதும் ஆகாது. பத்து நிமிடத்துக்குள் உள்வெப்பம் பத்துப் பாகை செல்சியசு வரை ஏறக்கூடும்.

நான்காவது, செல்லுமிடத்தின் பருவம். குற்றாலத்து நீர்வரத்து தென்மேற்குப் பருவமழையைச் சார்ந்தது. சூன் மாதத்திற் சாரல் தொடங்குமுன் சென்று அருவியைக் குறை கூறுதல் அறியாமை. 1845 இல் அமெரிக்க மதுரை மிஷன் தொண்டர் வெப்பத்துக்கும் நோய்க்கும் ஒதுங்கி வாழ முதல் இல்லங்களை அமைத்த கோடைக்கானலோ, இன்று வண்டிகளின் மிகுதியால் மூச்சுத் திணறுகின்றது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் அங்குச் செல்லும் வண்டிகட்கு இ-பாஸ் முறை வந்தது; 2025 கோடையில் வேலை நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என வண்டிகளுக்கு வரம்பும் விதிக்கப்பெற்றது. அமைதியை நாடி அனைவரும் ஒரே நாளில் ஒரே இடத்திற்குச் செல்லின், அங்கு அமைதி எவ்வாறு இருக்கும்?

"ஆண்டுக்கு இரண்டு நாள் ஓய்வு பெறும் எளியோர், போனபோதே எல்லாவற்றையும் பார்த்தாலன்றி மீண்டும் எப்போது பார்ப்பர்?" என்று வினவுவாரும் உளர். நியாயமான வினாவே. என் தந்தையும் அதனையே கூறினார். ஆயினும் ஆறு இடங்களுக்குச் சென்ற எங்களுள் எவருக்கேனும் அவ்விடங்கள் நினைவிலுண்டா என்று கேட்டால், மருத்துவமனைத் தாழ்வாரம் ஒன்றையே அனைவரும் கூறுகின்றனர். பணமும் நாளும் குறைந்தவர்க்கே இடங்களைக் குறைக்கும் தேவை மிகுதி.

இவ்வளவும் தனி மனிதர் கடமை. ஊருக்கும் அரசுக்கும் கடமை இல்லையோ எனின், உண்டு. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் சமைத்ததை இன்றும் நம் நாட்டார் போற்றுகின்றனர். பழைய சாலைகளில் நிழலுக்கு மரமும், தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கிக் கல்லும், கோடையில் தண்ணீர்ப் பந்தலும் இருந்தன. அவையெல்லாம் விரைந்து செல்வார்க்காக அமைந்தன அல்ல. களைத்து நிற்பார்க்காக அமைந்தன. இக்காலத்துச் சாலைகள் அகன்றன, நிழல் குறுகிற்று. நிழலும் நீரும் தூய கழிப்பிடமும் சாலைக்கு அணிகள் அல்ல, உறுப்புகளே என்று சாலை சமைப்போர் உணர்தல் வேண்டும்.

இவ்வாண்டு மே மாதத்திலும் நாங்கள் புறப்பட்டோம். இம்முறை அட்டவணையை என் கையினின்றும் வாங்கி அப்பத்தாவிடம் கொடுத்தார் என் தந்தை. அவர் கூறிய இடம் ஒன்றே: இராசபாளையத்தில் உள்ள அத்தை வீடு. வெயில் ஏறுமுன் சென்றடைந்தோம். வழியில் இருமுறை நின்றோம். நண்பகல் முழுதும் திண்ணையில் மாம்பழம் தின்று, பழங்கதை கேட்டு, உறங்கினோம். மாலையில் மலையின் நிழல் நீண்டு வந்தபின் காலார நடந்தோம். அப்பத்தா செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்.

அகப்பொருளில் 'செலவழுங்கல்' என்றொரு துறை உண்டு. பிரியக் கருதிய தலைவன் புறப்படாது தாமதிப்பான். அது செல்லாமை அன்று, உடனிருப்பாளைத் தேற்றும் பொருட்டுச் செய்யும் தாமதமே என்பர் இலக்கண நூலார். அன்பர்காள், இனி நீவிர் கோடைச் செலவுக்குத் திட்டம் வகுக்குங்கால், சற்றே செலவழுங்குக. வண்டியில் வருவாருள் வாய்திறந்து கேளாதவர் எவர் என்று எண்ணிப் பார்த்து, முதலில் அவரைக் கேளுங்கள். அதன்பின் புறப்படுங்கள்.