முதல் ரவுண்டிலேயே மூச்சு காலி!

பள்ளிக்கூடங்களில் ஸ்போர்ட்ஸ் டே முடிந்த வாரம் என் கிளினிக்குக்கு அப்பாக்கள் நிறையப் பேர் வருவார்கள். "டாக்டர், பையன் 800 மீட்டர்ல ஃபர்ஸ்ட்டா ஓடிட்டிருந்தான். பாதியில மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டான். உடம்புல தெம்பே இல்லை. ஏதாவது நல்ல லேகியமா கொடுங்க."

அமுக்கரா லேகியம் என் அலமாரியில் இருக்கிறது. கொடுத்தால் எனக்கும் வரும்படிதான். ஆனால், 'ஃபர்ஸ்ட்டா ஓடினான்' என்று பெருமையாகச் சொல்கிறாரே, கோளாறே அங்கேதான். தெம்பு இருந்தது. அதை முதல் நூறு மீட்டரிலேயே பையன் செலவழித்துவிட்டான். கோட்டுக்கு வெளியே நின்று "விடாதே, ஓடு ஓடு" என்று கத்தி, செலவழிக்க வைத்தவர்கள் பெரியவர்களான நாம்!

விசில் ஊதியதும் இதயமும் நுரையீரலும் முழு வேலைக்கு வந்துவிடுவதில்லை. தசை கேட்கிற பிராணவாயுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒன்றிரண்டு நிமிஷம் பிடிக்கும். அதற்குள் தலைதெறிக்க ஓடினால் தசை தன் கையிருப்பை எரிக்கும். அமிலத்தன்மை ஏறும், கால் கல்லாகக் கனக்கும். அதற்குப் பிறகு எந்தக் கைதட்டலும் உதவாது.

சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் என்று 14 உண்டு. தும்மல், பசி, தாகம் என்கிற அந்த வரிசையில் இளைப்பும் இருக்கிறது. "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடுடா" என்பது இளைப்பை அடக்கச் சொல்வதுதான். அடக்க வேண்டிய வேகம் முதல் ரவுண்டில் அல்லவா இருந்தது?

பெரிய வீரர்களும் இதற்குத் தப்பவில்லை. 2017-ல் உலக கிராஸ் கன்ட்ரி போட்டி உகாண்டாவின் கம்பாலாவில் நடந்தது. சொந்த நாட்டு ஜனங்களின் ஆரவாரத்தில் ஜோஷுவா செப்டெகி எல்லோரையும் விட்டு முன்னால் பாய்ந்தார். கடைசி ரவுண்டில் கால் தள்ளாடியது. முப்பதாவது ஆளாக வந்து சேர்ந்தார். அதே மனிதர் 2020-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் 10,000 மீட்டரை 26 நிமிஷம் 11 செகண்டில் ஓடி உலக சாதனை செய்தார். முதல் பாதி 13 நிமிஷம் 7 செகண்ட் சொச்சம், இரண்டாவது பாதி 13 நிமிஷம் 3 செகண்ட் சொச்சம். ரவுண்டுக்கு ஏறக்குறைய 63 செகண்ட் என்று சீராக ஓடினார்!

'800 மீட்டரில் சாம்பியன்களே முதல் ரவுண்டை வேகமாகத்தானே ஓடுகிறார்கள்?' என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். வாஸ்தவம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா முதல் ரவுண்டை 49.28 செகண்டிலும் இரண்டாவதை 51.63 செகண்டிலும் ஓடினார். வித்தியாசம் இரண்டரை செகண்டுகூட இல்லை. உங்கள் பையனுக்கு எவ்வளவு என்று அடுத்த முறை கடிகாரத்தைப் பாருங்கள்.

1,500 மீட்டரை 6 நிமிஷத்தில் ஓடக்கூடிய பையன் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் வட்டத்தில் ஏழரை ரவுண்டு. ரவுண்டுக்கு 48 செகண்ட் வரும். பயிற்சியின்போது பி.டி. மாஸ்டர் ஒவ்வொரு ரவுண்டிலும் செகண்டைச் சத்தமாகச் சொல்லட்டும். 40-ல் வந்து நின்றால் "மெதுவா" என்று சொல்லட்டும். சில வாரங்களில் அந்த வேகம் காலுக்கே பழகிவிடும். மற்ற பிள்ளைகள் முன்னால் பறக்கும்போது பொறுமையாகப் பின்னால் வருவதற்குத் தைரியம் வேண்டும், பையனுக்கும் அப்பாவுக்கும்! கடைசி 300 மீட்டரில் மிச்சம் இருப்பதையெல்லாம் கொட்டலாம்.

எல்லா மூச்சு வாங்கலும் வேகத்தால் வருவது என்று நினைத்துவிடாதீர்கள். ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, லேகியமும் வேண்டாம், ரவுண்டுக் கணக்கும் வேண்டாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் இதய டாக்டரிடம் காட்டி, ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பாருங்கள். ஓடி முடித்த பிறகு நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.