முப்பது நாளா, தொண்ணூறு நாளா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் தொழிலாளி மணவழக்கில் தோற்றால், தீர்ப்பு சரியா தவறா என்று ஆராய்வதற்கு முன்பே, அதை எந்த நீதிமன்றம் வழங்கியது என்று பார்த்தாக வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் சார்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாணை என்றால் மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்லும். குடும்ப நல நீதிமன்றம் வழங்கியது என்றால், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளுக்குக் குறையாத அமர்வே அதை விசாரிக்கும். திருவள்ளூர் அரக்கோணம் தடத்திலும் கும்மிடிப்பூண்டி கூடூர் தடத்திலும் கிடப்பதால், ரயிலில் கிளம்புகிறவருக்கு மாவட்டத் தலைநகரைவிட உயர் நீதிமன்றம் உள்ள பாரிமுனை போவதே எளிது என்பது தனிக்கதை.

இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற தீர்ப்பாணைக்கும், வழக்கு முடியுமுன் பிறக்கும் இடைக்கால உத்தரவுக்கும் இந்தப் பிரிவில் மேல்முறையீடு கிடையாது. இடைக்கால ஜீவனாம்சம் இத்தடையில் அடங்குமா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஒத்த கருத்தில் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில், அதாவது 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவில், விதிக்கப்படும் ஜீவனாம்சத்தை எதிர்ப்பவர், கீழ் நீதிமன்ற ஆவணங்களை வரவழைத்துப் பரிசீலிக்கக் கோரும் சீராய்வு மனுவைத்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

சிக்கல் மேல்முறையீட்டுக் கெடுவில்தான் இருக்கிறது. தூரம், பணவசதி, தாக்கல் வேலைக்குப் பிடிக்கும் நேரம் ஆகியவற்றைக் காட்டி, 30 நாள் போதாது என்று சாவித்திரி பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் கூறியதையடுத்து, 2003இல் இந்துத் திருமணச் சட்டத்தின் கெடு 90 நாளாக உயர்ந்தது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்திலோ 30 நாள் அப்படியே நிற்கிறது. இந்துத் திருமண வழக்குகளுக்கு 90 நாளே பொருந்தும் என்று பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்திருந்தாலும், சட்டவாசகம் திருத்தப்படும்வரை 30 நாளுக்குள் தாக்கல் செய்வதே பாதுகாப்பு. நாடாளுமன்றம் ஒரே வரியில் தீர்க்கக்கூடிய இக்குழப்பம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதற்கு நியாயம் எதுவும் தென்படவில்லை.

கெடுவைக் கணக்கிடத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைப் பார்க்க வேண்டும்; அதன் முத்திரையில் மனு கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், நகல் தயாரான நாள் என்று தேதிகள் வரிசையாக இருக்கும். நகல் பெறத் தேவைப்பட்ட காலம் கெடுவில் சேராது என்பது மணவழக்குக்கும் பொருந்தும் என 1989இல் லதா காமத் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் தயாரான நகலை விடுப்பு கிடைக்கவில்லையென்று வாங்காமல் விட்ட நாள்கள் கெடுவில் சேர்ந்துவிடும். விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகலை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 23(4) சொல்வதும் பலருக்குத் தெரிவதில்லை.

கெடு தவறினால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஏற்கத்தக்க காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் உடன் போக வேண்டும். மேல்முறையீட்டுக்கு எண் கிடைத்ததாலேயே கீழ் உத்தரவு நின்றுவிடாது, தடைக்குத் தனி மனு தேவை. விவாகரத்து வழக்கில் கெடுவுக்குள் மேல்முறையீடு வராவிட்டால், இந்துத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி எதிர்த்தரப்பு மறுமணமே செய்துகொள்ளலாம்.