எட்டும் தூரத்தில் ஒரு பறவை

குளிர்காலம் வந்துவிட்டால் ஊத்துக்கோட்டையை அடுத்த பூண்டி நீர்த்தேக்கத்திலும் பழவேற்காடு ஏரியிலும் வடதிசைப் பறவைகள் வந்திறங்குகின்றன. அந்நாள்களில் மாணவர் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு: "வேட்டையாடுவது ஹலால்தானே, ஹஜ்ரத்?"

ஆம், உணவுக்காக வேட்டையாடுவதை மார்க்கம் அனுமதிக்கிறது. ஆயினும் அதே ஸூரா அல்மாயிதா, இஹ்ராமில் இருப்போருக்குத் தரைவேட்டையைத் தடுக்கிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் வேட்டைப் பிராணியைக் கொண்டே அல்லாஹ் சோதிப்பான் என்றும் எச்சரிக்கிறது (5:94). உயிருள்ளதை எய்து பழகும் இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

பொழுதுபோக்கு வேட்டை புதிதன்று. பெருந்தொகை பெற்று அயல்நாட்டினரைப் புலி வேட்டைக்கு அழைத்துச் சென்ற நிறுவனங்கள் நம் நாட்டிலும் இருந்தன. 1970இல் புலி வேட்டை தடைசெய்யப்பட்டது. அலாஸ்காவிலும் கனடாவிலும் வழிகாட்டியுடன் செல்லும் வேட்டைப் பயணங்கள் இன்றும் நடைபெறுகின்றன. சுவரில் மாட்டும் கொம்புக்காக மட்டும் உயிரைப் பறிப்பது பசியன்று, பெருமை.

'பிஸ்மில்லாஹ் கூறிச் சுட்டால் போதும்' என்பாரும் உளர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளைக் கொல்வதைக் குற்றமாக்கியுள்ளது. மார்க்கத்துக்கு முரணாகாத நாட்டுச் சட்டத்தைப் பேணுவது நம் கடமை. ஆடும் கோழியும் கடைத்தெருவிலேயே கிடைக்கையில் தேவை என்ற காரணமும் இல்லை.

பெற்றோரே! பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். எட்டும் தூரத்தில் நிற்கும் பறவையை அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டுத் திரும்புவதும் இபாதத்தே என்று கற்றுக்கொடுங்கள்.