ஒட்டுப்போட்ட வாக்கியங்கள்

நான் பணியாற்றும் பத்திரிகையின் பழைய இதழ்களைத் தேடுவதற்கென ஒரு மென்பொருள் தயாராகிக்கொண்டிருந்தது. அதனை எழுதிய இளைஞர் ஒருநாள் ஆசிரிய பீடத்துக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். “ஐயா, இதைத் தமிழிலை எழுதித் தாங்கோ” என்றார். தாளில் வாக்கியம் எதுவும் இருக்கவில்லை. ‘அழுத்தவும்’ என்பதற்கான ஆங்கிலச் சொல் ஒரு வரியில். ‘இங்கே’ அடுத்த வரியில். ‘மேலும் வாசிப்பதற்கு’ அதற்கடுத்த வரியில். “வசனம் எங்கை தம்பி?” என்றேன். “அதை நாங்கள் பிறகு ஒட்டுவம் ஐயா.”

ஒட்டினார்கள். ‘அழுத்தவும் இங்கே மேலும் வாசிப்பதற்கு’ என்று திரையில் வந்து நின்றது.

இந்தக் கோளாறு அந்த இளைஞருக்கு மட்டும் உரியதன்று. ஒரு வாக்கியத்தின் நடுவே ஒரு சொல்லை நீலமாக்கி, அதை அழுத்தினால் வேறிடம் திறக்கும்படி செய்யவேண்டும். நிரலாளர் என்ன செய்கிறார்? வெறும் எழுத்து ஒரு துண்டு, இணைப்பு ஒரு துண்டு, மறுபடியும் வெறும் எழுத்து ஒரு துண்டு என மூன்றாக வெட்டி அருகருகே அடுக்குகிறார். ஆங்கிலத்துக்கு அது பொருந்திவிடுகிறது. தமிழில் வினை இறுதியில் வரும், சிங்களத்திலும் அப்படியே. 1987இன் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை ‘இணைப்பு மொழி’ என்றது. இணைப்புகளையெல்லாம் அதற்கே எழுதிக்கொடுத்துவிட்டதாக எவரும் பொருள்கொள்ள வேண்டியதில்லை.

வேற்றுமை உருபோ இன்னும் பெரிய வில்லங்கம். ‘விதிமுறைகள்’ என்பது இணைப்பு. ‘ஐ’ அடுத்த துண்டு. ‘விதிமுறைகள் ஐ நான் ஏற்கிறேன்’ என்று வரும். அல்லது ‘நான் ஏற்கிறேன் விதிமுறைகள்’ என்று வரும். இது வெறும் அழகுப் பிரச்சினை என்பவர்கள், தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு முதியவர் தமது சேமிப்பு தொடர்பான இணக்கத்தை இத்தகைய வரியின் கீழ்தான் அளிக்க நேரும் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

துண்டாக்காமல் எண்ணிக்கை போடும் முறையும் உண்டு. விண்டோஸ் ஃபோர்ம்ஸில் ‘லிங்க்லேபல்’ என்னும் உறுப்புக்கு, இணைப்பு எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது, எத்தனை எழுத்து நீள்கிறது என்று சொல்லிக்கொடுக்கலாம். ரி.கே.யின் உரைப்பெட்டியிலும் வரி எண், எழுத்து எண் கொண்டு குறியிடலாம். ‘கிளிக் ஹியர்’ என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தில் பூச்சியத்திலிருந்து எண்ணினால் ‘ஹியர்’ 6இல் தொடங்கி 4 எழுத்து நீளும். அதே எண்களை ரி.கே.யின் உரைப்பெட்டியில் ‘மேலும் வாசிக்க இங்கே அழுத்தவும்’ என்பதற்குப் போட்டுப் பாருங்கள். யுனிகோடில் ‘மேலும்’ மூன்றன்று, ஆறு. ஆகவே ஒரு வெற்றிடமும் ‘வாச’வும் இணைப்பாகி, ‘சி’யின் இகரக் குறி வெளியே விடப்படும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில்கூட உயிர்மெய்யை எவரும் இப்படி அறுத்ததில்லை.

“கருவித்தொகுதி இடந்தராது ஐயா” என்பது வழக்கமான சாட்டு. இது உண்மையன்று. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே, முழு வாக்கியத்தையும் எழுதி இணைப்பாகும் பகுதியை மட்டும் கோண அடைப்புக்குறியிட்ட ‘ஏ’ குறிக்குள் வைக்க ‘சிஸ்லிங்க்’ என்ற உறுப்பு இருந்தது. ஜி.ரி.கே.யின் லேபல் 2009இல் வந்த 2.18 பதிப்பிலிருந்து அதனைச் செய்கிறது. கியூட்டியின் லேபலும் செய்யும். வாக்கியம் முழுமையாக மொழிபெயர்ப்பாளரிடம் போகும். குறியை எந்தச் சொல்லைச் சுற்றி வைப்பது என்பதை அவர் தீர்மானிப்பார். உருபும் உள்ளேயே அடங்கும்.

மொழிபெயர்ப்பாளர் குறியைக் கெடுத்துவிடுவார், முகவரியை மாற்றிவிடுவார் என்று ஓர் அச்சம் சொல்லப்படுகிறது. நியாயமான அச்சமே. அதற்காக வாக்கியத்தை வெட்டவேண்டியதில்லை. குறிக்குள் முகவரிக்குப் பதிலாக ‘விதிகள்’ என்பதுபோல ஒரு பெயரை மட்டும் வையுங்கள். அழுத்தப்பட்டதும் கியூட்டி அந்தப் பெயரை நிரலிடம் கொடுக்கும். எதைத் திறப்பது என்பது நிரலின் பொறுப்பு. இதனோடு இன்னொன்று: கியூட்டியின் லேபலில் இணைப்புகள் இயல்பாகச் சுட்டிக்கு மட்டுமே இணங்கும், விசைப்பலகையால் தொடவேண்டுமாயின் நீங்கள்தான் அனுமதிக்கவேண்டும். சுட்டியைப் பிடிக்க இயலாத கைகளும் உள்ளன.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தம்பி முழு வாக்கியங்களோடு வந்தார். ஒரு மாலையில் எழுதி முடித்தோம். இப்போது எங்கள் சண்டை அடிக்கோட்டைப் பற்றியது. ‘இணைப்பு’ என்ற சொல்லின் ‘பு’வில் கீழிறங்கும் கோட்டை அது வெட்டிக்கொண்டு போகிறது. எடுத்துவிட்டால் இணைப்பென்று எப்படித் தெரியும் என்கிறார் அவர். சற்றுக் கீழே தள்ளிப் போடலாமே என்கிறேன் நான்.