அட்டையில யாரைப் போடுறது?

மூன்றாம் வருட ஊடக அசைன்மென்ட். 5 பேர் கொண்ட குழு, 16 பக்கம், ஓர் இசைச் சஞ்சிகை. எழுத்து, படம், வடிவமைப்பு, அச்சு எல்லாம் எங்கட தலையில். எட்டுக் கிழமை அவகாசம்.

அறிவித்தல் வந்த அன்று இரவே எங்கட வட்ஸ்அப் குழுவில் அட்டை வந்து விழுந்தது. உள்ளே என்ன எழுதப் போகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அட்டை ரெடி. கன்வாவில் எடுத்த டெம்பிளேட். நடுவில் ஹெட்போன் போட்ட ஒரு பெண், தலைக்கு மேலே பெரிய எழுத்தில் சஞ்சிகையின் பெயர், இடப்பக்கம் சின்னச் சின்னத் தலைப்புகள், கீழே பார்கோட். விலையே இல்லாத சஞ்சிகைக்கு என்னத்துக்கு பார்கோட் என்று அப்போது நாங்கள் யோசிக்கவே இல்லை. "முகத்தை மட்டும் மாத்தினாச் சரி" என்று கீழே ஒரு மெசேஜ்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தைப் பற்றியது.

முகத்தை மாற்றலாம் என்று நாங்கள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. பாடத்தில் மாதிரிக்குக் காட்டிய சஞ்சிகைகள் எல்லாம் அப்படித்தான். 1967 நவம்பரில் வந்த 'ரோலிங் ஸ்டோன்' முதல் இதழின் அட்டையில் ஜோன் லெனன், ஒரு சினிமாவுக்காகப் போட்ட சிப்பாய் உடுப்போடு. 1952இல் தொடங்கி 2018 வரை அச்சில் வந்த லண்டன் 'என்.எம்.இ.' இதழ்களைத் தேடினால் முகம், முகம், முகம். யாரோ ஒருவரின் கண் எங்களைப் பார்க்கும், அந்தக் கண்ணுக்குத்தான் நாங்கள் காசு கொடுப்போம். அது அந்த ஊர்ச் சந்தைக்குச் சரியான கணக்கு. பாடகர், இசைத்தட்டு, விற்பனைப் பட்டியல், ரசிகர் என்று ஒரு தொழில் அங்கே இருந்தது. சஞ்சிகையின் அட்டை அந்தத் தொழிலின் ஒரு துண்டு.

வெள்ளைக்காரன் பழக்கம் என்று தட்டிக் கழிக்கவும் ஏலாது. எங்கட வீடுகளில் அம்மம்மாமார் வைத்திருந்த சினிமாப் பாட்டுப் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். அட்டையில் இருப்பது வாயசைத்தவரின் முகம். பாடியவரின் பெயர் உள்ளே சின்ன எழுத்தில். வயலின் வாசித்தவர், தபேலா அடித்தவர் எங்கேயுமே இல்லை. 'சுராங்கனி' என்றால் எங்கட 5 பேருக்கும் ஏ.ஈ. மனோகரன் தெரியும், 'சின்ன மாமியே' என்றால் நித்தி கனகரத்தினம் தெரியும். அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் வாசித்தவர்களில் ஒருவரின் பெயராவது சொல்லச் சொன்னால் 5 பேரும் போனைத்தான் எடுத்தோம்.

சிக்கல் நேர்காணலுக்குப் போன பிறகுதான் தொடங்கியது. எங்கட குழுவில் ஒருத்தி இணுவில் பக்கம், ஒருத்தன் ஹற்றன், ஒருத்தன் மன்னார், மற்ற இரண்டு பேரும் மட்டக்களப்பு. ஆளுக்கு ஒரு கதையை ஊரிலிருந்து கொண்டு வருவது என்று முடிவு. இணுவில்காரி ஒரு நாதஸ்வரம் தவில் குழுவோடு திருவிழா இரவு முழுக்க இருந்துவிட்டு வந்தாள். மன்னார்க்காரன் நாட்டுக்கூத்து அண்ணாவியார் ஒருவரிடம் போனான். ஹற்றன்காரன் காமன் கூத்துக்குத் தப்படிக்கும் இரண்டு பேரைப் பதிவு செய்தான். முந்தி விடியக் காலமை தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடித்ததும் இந்தத் தப்புத்தான் என்று அவர்கள் சொன்னதை அவன் எங்களுக்குப் போட்டுக் காட்டினான். சாமிக்கும் சாவுக்கும் வேலைக்கும் ஒரே தோல். மட்டக்களப்பில் நாங்கள் பறை அடிக்கிற ஒரு குழுவிடம் போனோம், பிறகு கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் போடுகிற ஒருவரிடமும்.

திரும்பி வந்து டெம்பிளேட்டைத் திறந்தால் ஒன்றுமே பொருந்தவில்லை. எல்லாம் கூட்டம். தவில்காரரை மட்டும் நடுவில் வைத்தால் நாதஸ்வரக்காரர் என்ன ஆவார்? கூத்தில் யாருடைய முகம்? அண்ணாவியாருடையதா, அரசனாக ஆடினவருடையதா, பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடின 4 பேருடையதா? அந்த டெம்பிளேட் ஒரு முகத்தைத்தான் கேட்டது. இசையைச் செய்கிறவர் ஒருவர், மற்றவர்கள் அவருக்கு உதவி என்ற முடிவு நாங்கள் பைலைத் திறக்க முதலே அதற்குள் எடுக்கப்பட்டிருந்தது.

நாங்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தோம். பறையை அட்டையில் போடுவோம். கூத்தை 1960களிலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு வந்துவிட்டார். பறை அடிக்கிற கலைஞருக்கு அந்த மரியாதை இன்னும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அந்த மூத்த கலைஞரின் முகத்தை முழு அட்டைக்கும் போட்டால் அது ஒரு அரசியல் அறிக்கை. படமும் அப்படி அமைந்திருந்தது. பின்னேர வெயில், முகத்தில் பாதி நிழல். உண்மையைச் சொன்னால், இது நல்ல மார்க்ஸ் எடுக்கும் என்ற கணக்கும் எங்களுக்குள் இருந்தது.

அட்டையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு அவரிடம் போனோம். வடிவாகப் பார்த்தார். "நல்லாத்தான் இரிக்கி" என்றார். பிறகு, "இது வேணாம் மனே" என்றார்.

காரணம் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். மகள் டவுனில் படிக்கப் போகிறாள். அவளோடு படிக்கிற பிள்ளைகளுக்குத் தகப்பன் என்ன செய்கிறார் என்று தெரியாது. "நான் அடிக்கிறது எனக்கு வெக்கமில்ல. ஆனா அவளுக்கு அங்க என்ன நடக்கும் எண்டு நீங்களா போய்ப் பார்க்கப் போறீங்க?" உள்ளே படம் வேண்டாம், பேட்டியைப் போடுங்கள், பேரைப் போடுங்கள் என்றார். தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்.

அன்று இரவு எங்கட குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம், இப்படி ஒவ்வொருவராக ஒளித்துக்கொண்டே இருந்தால் சாதி எப்போது அசையும், நாங்கள் பின்வாங்கினால் நாங்களும் அதற்கு உடந்தை என்று சொன்னது. மற்றப் பக்கம், அது அவருடைய முகம் என்று சொன்னது. ஹற்றன்காரன் கடைசியில் சொன்னதோடு பேச்சு நின்றது: "அவரோட முகத்துல நம்ம அரசியல செய்ய முடியாது. விலை குடுக்கப் போறது நாம இல்ல." முகத்தை விட்டுவிட்டுப் பறையையும் கையையும் மட்டும் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதுவும் சரி வரவில்லை. கையை மட்டும் வெட்டி எடுத்தால் ஆளில்லாமல் வேலை மட்டும் மிஞ்சும். காலங்காலமாக அவரை மற்றவர்கள் பார்த்த மாதிரியே நாங்களும் பார்த்ததாகிவிடும்.

வழி எங்கட ஊர்க் கடதாசியில்தான் கிடைத்தது. இணுவில்காரி திருவிழா நோட்டீஸ் ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். மங்கிய மஞ்சள் தாள், நாள் வாரியாக உபயகாரர், நாதஸ்வரம், தவில் என்று பெயர்கள். முகம் ஒன்றும் இல்லை. பெயர்களாலேயே நிறைந்த தாள், ஆனால் ஊரே அதை வாசிக்கும், தேடி வாசிக்கும், தன் ஆளின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கும். இது எங்கட பழைய இசைச் சஞ்சிகை என்று சொன்னால் பிழை இல்லை. ஆனால் நோட்டீஸிலும் ஒரு வரிசை உண்டு. பட்டம் வாங்கியவர் பெரிய எழுத்து, உதவிக்கு வந்தவர் சின்ன எழுத்து, பறை அடித்தவருக்கு எழுத்தே இல்லை. அந்த வரிசையை மட்டும் எடுத்துவிடுவது என்று தீர்மானித்தோம். நாங்கள் சந்தித்த எல்லோருடைய பெயரும், சவுண்ட் போட்டவர் உட்பட, ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில். பெயருக்குப் பக்கத்தில் வாத்தியம் இல்லை, ஊர் இல்லை, பட்டம் இல்லை. யார் எதை வாசிக்கிறார் என்று அறிய வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும். இதை அவரிடம் போனில் விளங்கப்படுத்தினோம். "அது சரி, போடுங்க" என்றார்.

அட்டை எழுத்தாலேயே ஆனது என்று முடிவான பிறகுதான் எழுத்து எங்களைப் பழிவாங்கியது. இன்டிசைனில் தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பந்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. அச்சகத்து அண்ணாவோ பாமினியில் அடித்துத் தந்தால்தான் தனக்குச் சுகம் என்றார். யூனிகோடுக்கும் பாமினிக்கும் இடையில் எத்தனை பேரின் இனிஷியல் காணாமல் போனது என்று கேட்காதீர்கள். நாங்கள் 18 பக்கம் கேட்டபோது அவர் சொன்ன பதிலை மட்டும் மறக்க ஏலாது: நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலு நாலாகத்தான் வளரும், "மற்ற ரெண்டு பக்கத்தையும் நீங்க கையில பிடிச்சுக்கொண்டு நில்லுங்க." கடதாசி விலையும் பயம் காட்டியது. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப்போன நாட்களை ஞாபகம் இருக்கிறவர்கள் நாங்கள். 50 பிரதிக்கு மேல் போகவில்லை.

கன்டீனில் முதல் பிரதியை மேசையில் வைத்தோம். ஒரு ஜூனியர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரண்ணா மோசம் போனது?" என்று கேட்டான். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, வரிசையாகப் பெயர்கள். மரண அறிவித்தல் என்று நினைத்துவிட்டான். சிரித்தோம், ஆனால் அவன் கேட்டது நியாயம். பெயர்களுக்கு நடுவில் மூச்சு விட இடம் வைக்கவில்லை, பின்னணிக்கு ஒரு நிறம் கூட யோசிக்கவில்லை. கொள்கை சரியாக இருந்தால் அட்டையும் நன்றாக இருக்கும் என்று நம்பியது எங்கட பிழை.

மதிப்பீட்டு நாளில் வந்த கேள்வியும் அதே மாதிரி: முகம் இல்லாத சஞ்சிகையைக் கடையில் யார் எடுப்பார்? பாதி நியாயம். நாங்களும் போனைத் தட்டும்போது முகம் கண்ட இடத்தில்தான் விரல் நிற்கிறது. ஆனால் மற்றப் பாதியை நாங்கள் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. புள்ளிப் பத்திரத்தில் 'தொழில்முறைத் தோற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தது. எந்தத் தொழில்? யாருடைய தொழில்? எங்கட ஊரில் இசைச் சஞ்சிகை அடுக்கி வைத்திருக்கிற கடை எங்கே இருக்கிறது? இல்லாத ஒரு கடையின் றாக்கையில் நிற்பதற்காக, இருக்கிற மனிதர்களை வெட்டி ஒட்டச் சொல்வதுதான் இந்தப் பாடம் என்றால், அது வடிவமைப்பைக் கற்றுத் தரவில்லை, நிரப்புவதைக் கற்றுத் தருகிறது. எழுத்தின் அளவு, படத்தின் ஓரம், யாரை நடுவில் வைப்பது என்பதெல்லாம் கடைசிக் கிழமையில் அழகுக்காகச் செய்கிற வேலை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். யாரோ ஒருவரின் மகள் வகுப்பறையில் என்ன கேட்க வேண்டி வரும் என்பது வரைக்கும் போகிற வேலை அது. புள்ளிப் பத்திரத்தில் 'அட்டையில் உள்ளவரிடம் கேட்டீர்களா?' என்று ஒரு கட்டம் போட அதிகம் செலவாகாது.

இதை அடுத்த வருடம் செய்யப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். கன்வாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாளே திறக்காதீர்கள். ஆட்களிடம் போய்விட்டு வந்து திறவுங்கள்.

மூன்று கிழமை கழித்து சஞ்சிகையைக் கொடுக்க அந்தக் கலைஞரின் வீட்டுக்குப் போனோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். தன் பெயரில் விரல் நிற்கவே இல்லை, தாண்டிப் போனது. கடைசி வரைக்கும் போய்விட்டு மறுபடியும் மேலேயிருந்து தொடங்கினார்.

"குழல் ஊதினவர்ர பேரு எங்க மனே?"

இல்லை. 22 பெயர் இருந்தது, 23 இருந்திருக்க வேண்டும். அன்று குழல் ஊதியவர் பேட்டியில் ஒன்றும் பேசவில்லை, ஓரமாக இருந்தார், எங்கட குறிப்பில் அவருடைய பெயரே இல்லை. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். மிச்சம் 14 பிரதி எங்களிடம் இருந்தது. அதிலெல்லாம் பேனையால் எழுதினோம், அகர வரிசையில் அவர் வர வேண்டிய இடத்தில், இரண்டு பெயருக்கு நடுவில், இடம் காணாமல் கொஞ்சம் சரிவாக. மற்ற 36 பிரதியும் எங்கே போனதென்று தேடிக்கொண்டிருக்கிறோம்.