பட்டை வரைபடத்தைக் கைக்கொண்டு முறையைக் கைவிட்டவர்கள்

மொழியியல் துறையில் ஆய்வுநிதிக்கு விண்ணப்பித்த எவருக்கும் அந்தக் கட்டங்கள் பழக்கமானவை. இடப்பக்கத்தில் பணிகள், மேலே காலாண்டுகள், நடுவே நிறம் தீட்டிய பட்டைகள். முதற்காலாண்டில் முன்னாய்வுகளின் வாசிப்பு; இரண்டு மூன்றில் களப்பணி; நான்கில் ஒலிப்பதிவுகளைக் கேட்டெழுதுதல்; ஐந்தில் இலக்கண விளக்கம்; ஆறில் அறிக்கை. ஐம்பது முதியவர்கள் மட்டுமே பேசும் மொழிக்கும் இதே வடிவம், ஐந்து கோடிப் பேர் பேசும் மொழியின் வட்டார வழக்குக்கும் இதே வடிவம். இதற்குத் 'திட்ட மேலாண்மை' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு இந்தப் படிவம் தகுதியானதே அன்று.

திட்ட மேலாண்மை முறைகளுள் மிகவும் கட்டுக்கோப்பானது என்று பெயரெடுத்தது பிரின்ஸ்2. பிரிட்டிஷ் அரசின் கணினித் திட்டங்களுக்காக 1989இல் உருவாகி, 1996இல் எத்துறைக்கும் உரியதாக விரிவாக்கப்பட்ட முறை அது. அதன் ஏழு கோட்பாடுகளுள் ஒன்று, இம்முறையையே அந்தந்தத் திட்டத்தின் அளவுக்கும் சூழலுக்கும் ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும் என்பது. இன்னொன்று, திட்டத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கைக்கெட்டும் கட்டத்தை மட்டும் நுணுக்கமாகத் திட்டமிட வேண்டும் என்பது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் 'இதைத் தொடர இன்னும் நியாயம் இருக்கிறதா?' என்ற கேள்வி எழுப்பப்பட்டாக வேண்டும். காலம், செலவு, தரம், எல்லை ஆகியவை எவ்வளவு விலகலாம் என்பதை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். அந்த அளவு மீறப்படும் என்று தெரியும்போதே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். நம் பல்கலைக்கழகப் படிவங்கள் இவற்றுள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டை வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. அதுவோ பிரின்ஸ்2க்குப் பல பத்தாண்டுகள் மூத்தது.

ஒரு பணி முற்றிலும் முடிந்த பின்பே அடுத்தது என்னும் அருவிப்போக்கு மாதிரிக்கும் இதே கதி நேர்ந்தது. 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் தம் கட்டுரையில் அந்தப் படத்தை வரைந்தார். இப்படியே செய்தால் தோல்வியை வரவழைத்துக்கொள்வதாகும் என்று அதே கட்டுரையில் எச்சரித்தார். முதன்முறை செய்யும் வேலையை இருமுறை செய்யுமாறு பரிந்துரைத்தார். படம் உலகெங்கும் பரவியது. எச்சரிக்கையைப் படித்தவர் சிலரே.

களமொழியியலில் இந்த வரிசை என்ன கேட்டைச் செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். அதிகம் ஆராயப்படாத மொழியில் ஒரு மணிநேர ஒலிப்பதிவைக் கேட்டெழுதிப் பொருள் குறிக்கப் பல பத்து மணிநேரம் பிடிக்கும். எழுதும்போதுதான் ஐயங்கள் பிறக்கின்றன: இந்த உயிர் குறிலா நெடிலா, தொனி பொருளை மாற்றுகிறதா, இந்த விகுதி முன்னரும் வந்ததா? அவற்றைத் தீர்க்கக்கூடியவர் அதைப் பேசியவர் ஒருவரே. ஆனால் அட்டவணைப்படி ஆய்வாளர் நான்காம் காலாண்டில் நகரத்து அறையில் காதொலிப்பானோடு அமர்ந்திருக்கிறார். பேசியவர் மலைக்கு அப்பால் இருக்கிறார். மழையில் பாதை அறுந்திருக்கிறது. உள்நுழைவு அனுமதிச் சீட்டுக் காலாவதியாகியிருக்கிறது. அல்லது பேசியவரே இல்லை.

இது மிகைக்கூற்றன்று. அன்விதா அப்பியும் குழுவினரும் 2005 முதல் அந்தமானில் பெரிய அந்தமானிய மொழிகளை ஆவணப்படுத்தி வந்தார்கள். போ மொழியின் கடைசிப் பேசுநரான போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். அவர் உயிரோடிருந்தபோது பதிவான ஒவ்வொரு சொல்லும் இன்று ஈடற்றது. அவரிடம் கேட்காமல் தள்ளிப்போட்ட எந்தக் கேள்விக்கும் விடை கிடையாது. அத்தகைய மொழிக்கு உண்மையான முறை வேறு வரிசையைக் கேட்கும்: சிறிது பதிவு செய், அதே வாரத்தில் பேசியவரின் அருகிலேயே அமர்ந்து கேட்டெழுது, ஐயத்தை அங்கேயே தீர், பிறகு அடுத்த பதிவுக்குப் போ. பேசுநரின் முதுமை இடர்ப் பதிவேட்டின் முதல் வரியாக இருக்கும். அவர் உடல்நலம் குன்றினால் எந்தச் சொற்பட்டியலைக் கைவிட்டு எந்தக் கதையை முதலில் பதிவது என்பது களத்துக்குப் புறப்படும் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

இதைச் சொன்னதும் மறுதரப்பு உற்சாகமாக எழுந்துவிடும். அறிவை நாட்காட்டியில் அடைக்க முடியாது, மேலாண்மை மொழியே சந்தையின் ஊடுருவல் என்று கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கும் தரப்பு அது. அவர்களுள் பலர் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள். ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை ஐந்தாண்டோடு நின்றுவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிகள், நீட்டிப்பு தவிர்த்து, ஆறாண்டுக்குள் முனைவர்ப் பட்டத்தை முடிக்கச் சொல்கின்றன. காலவரையற்ற அறிவின் செலவை மாணவர் கட்டுகிறார். எங்கே யாரிடம் பதிந்தது என்ற குறிப்பே இல்லாமல் துறை அலமாரிகளில் பூசணம் பிடிக்கும் ஒலிநாடாக்கள் சந்தையின் வேலையல்ல, முறையின்மையின் வேலை.

புனே டெக்கான் கல்லூரியின் சமஸ்கிருத வரலாற்றுப் பேரகராதியை இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாகக் காட்டுகின்றன. எஸ். எம். காத்ரே 1948இல் தொடங்கிய பணி அது. ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து ஒரு கோடி அளவிலான சீட்டுகள் திரட்டப்பட்டன. 1976இல் அச்சேறத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் கழித்தும் முதலெழுத்தைத் தாண்டவில்லை. ஒரு தரப்புக்கு இது கேலிப்பொருள், மறு தரப்புக்குத் தவம். இரண்டுமே சோம்பலான முடிவுகள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் 1879இல் பத்தாண்டில் முடிப்பதாகத்தான் ஒப்பந்தமானது, ஐந்தாண்டு கழித்து முதலெழுத்தில் சிறு பகுதியே அச்சானது, முடிந்தது 1928இல். இடையில் பதிப்பகத்தார் வெப்ஸ்டர் அகராதியின் ஒரு பக்கத்துக்கு இத்தனை பக்கம் என்று விகிதம் வைத்துக்கொண்டு பதிப்பாசிரியர் மரேயோடு ஓயாமல் மல்லுக்கட்டினார்கள். மரேக்கு அது தொல்லை. ஆனால் விலகல் எல்லை என்பது அதுதான், அந்தச் சொல் பிறக்கும் முன்பே. கிரியர்சனின் மொழியளவையும் அப்படியே. அதில் சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் அரசுகளும் விடுபட்டது தென்னாட்டவருக்குக் குறைதான். ஆயினும் எது உள்ளே, எது வெளியே என்பதில் மயக்கம் இருக்கவில்லை.

இங்கேயோ, முன்னேற்ற அறிக்கைகள் பெரும்பாலும் இரண்டையே கேட்கின்றன: இலக்கு என்ன, அடைந்தது என்ன. மாறிய திட்டத்தையும் மாற்றத்தின் காரணத்தையும் எழுத இடமில்லை. ஆகவே ஆய்வாளர் நேராத களப்பணியை நேர்ந்ததாக எழுதுகிறார், அல்லது மார்ச் 31க்குள் பயனீட்டுச் சான்றிதழுக்காகத் தேவையற்ற ஒலிவாங்கி ஒன்றை வாங்குகிறார். நேர்மையானவர் 'இலக்கு எட்டப்படவில்லை' என்று எழுதி அடுத்த தவணையை இழக்கிறார்.

நிதிக்குழுக்கள் செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. படிவத்தில் மாற்றத்துக்கும் காரணத்துக்கும் ஒரு பத்தி. ஆறு மாதத்துக்கொருமுறை, திட்டத்தை மாற்றவும் நிறுத்தவும் உண்மையான அதிகாரம் உள்ள ஒருவரின் மீளாய்வு. பயணச் செலவுக்கு இருப்பது போலவே, கேட்டெழுதும்போது உடனிருக்கும் பேசுநருக்கான ஊதியத்துக்கும் தனிச் செலவினத் தலைப்பு. பட்டை வரைபடம் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும், பென்சிலில்.