கோத்தகிரியில் 'செட்டில்' ஆகலாமா? மலைக்கு ஏறும் முன் யோசிக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைப் போட்டுவிடுவார்: "பேசாம ஊட்டி, கோத்தகிரி பக்கம் வீடு எடுத்துப் போயிடலாமா?"

கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஒரு ஓட்டம், பத்து மணிக்கு லேப்டாப், ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி இருக்கிறது, இன்டர்நெட் கிடைக்கிறது, சென்னை வாடகைக்கு அங்கே தோட்டத்தோடு வீடே கிடைக்கும் என்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரக் கடைசிக்கு மலைக்குப் போவது வேறு, மலையில் குடியிருப்பது வேறு. அந்த வித்தியாசத்தை நீலகிரியை வைத்துப் பார்ப்போம்.

இது புதுப் பழக்கமா?

இல்லை. 1819-ல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் தங்கிய பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. குளிருக்கு ஆசைப்பட்டு அவருக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் ஊட்டியை மெட்ராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகரமாகவே மாற்றிவிட்டார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லோரும் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 'காலியா ஒரு மலை இருந்தது, போய்க் குடியேறினோம்' என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கும் முடியாது, இன்றைக்கும் முடியாது.

காடு பக்கத்தில் இருந்தால் தினமும் காட்டுக்குள் போகலாமா?

முடியாது. குடியேற நினைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். உள்ளூரில் வீடு இருக்கிறது என்பதற்காக விதிவிலக்கு கிடைக்காது. தேயிலைத் தோட்டங்களும் பெரும்பாலும் தனியார் நிலம்தான். கேட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் ஊட்டியின் கேர்ன் ஹில்லும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் காட்டுத்தீ காலத்தில் பாதைகள் மூடப்படும். 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடினார்கள்.

சரி, ரோட்டிலாவது ஓடலாமே? ஓடலாம். ஆனால் குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டெருமை தேயிலைக்குள் மேய்வது அன்றாடக் காட்சி. கரடியும் சிறுத்தையும் ஊருக்குள்ளேயே வந்து போகின்றன. விடியற்காலை இருட்டில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓடும் நகரத்துப் பழக்கம் இங்கே ஆபத்து. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். அன்றைக்கு எந்தப் பக்கம் போகக்கூடாது என்று டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

எந்த மாதத்தில் போய்ப் பார்த்து முடிவு செய்வது?

ஏப்ரல், மே சீசனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொண்ணு பார்க்கும் அன்று வீடு எப்படி இருக்குமோ, சீசனில் மலையும் அப்படித்தான் இருக்கும். மழையில் போய்ப் பாருங்கள்.

ஒரே மாவட்டம்தான், ஆனால் மழை இரண்டு விதம். கூடலூர், ஊட்டியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. கிழக்கு பார்த்த சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் வீடு பார்க்கும்போது ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியை மட்டும் பார்த்து மயங்காமல், வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவையும் பாருங்கள். மண்ணை வெட்டித் தட்டையாக்கி அதன் விளிம்பில் கட்டிய வீடா? மழைத் தண்ணீர் இறங்க வழி இருக்கிறதா? மரம் சாய்ந்தால் கரன்ட் போகும், கரன்ட் போனால் இன்டர்நெட்டும் போகும், அதோடு வேலையும் நிற்கும்.

மருத்துவ வசதியையும் இப்படியே விசாரிக்க வேண்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, பெரிய முன்னேற்றம்தான். இருந்தாலும் சிக்கலான கேஸ் என்றால் கோவைக்கு இறங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் மேட்டுப்பாளையம் வரை மலைப்பாதை. வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் முதலில் இதைக் கணக்குப் போடுங்கள்.

இ-பாஸ் யாருக்கு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வாகனங்கள்தான் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. உள்ளூர்ப் பதிவெண் வண்டிகளுக்கு விலக்கு உண்டு, அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் வேண்டாம். குடியேறிய பிறகும் உங்கள் கார் சென்னைப் பதிவெண்ணிலேயே இருந்தால் என்ன செய்வது என்பதை மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிலம் வாங்கிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். மலைக் கிராமங்கள் பலவும் 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. சமவெளியில் மனை வாங்கி வீடு கட்டுவது போல இங்கே முடியாது, கட்டிடத்தின் உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கூடலூர் பகுதியில் ஜென்மி நிலங்களின் உரிமைப் பிரச்சினை பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. சீகூர் பகுதியில் யானை வழித்தடம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. கோடி கோடியாகப் போட்டுக் கட்டிய ரிசார்ட்டுகளே அங்கே மாட்டிக்கொண்டன. புரோக்கர் சொல்வதை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் ஏறும்போது இறங்குவது யார்?

மேலே சொன்னதெல்லாம் குடியேறுபவரின் பிரச்சினை. அங்கே ஏற்கெனவே இருப்பவரின் பிரச்சினை அதைவிடப் பெரியது.

2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011-ல் 7,35,394. தமிழ்நாட்டின் மக்கள்தொகை கூடிய அதே பத்து ஆண்டுகளில் இங்கே சுமார் 27 ஆயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பசுந்தேயிலை விலை சரிந்தது. சிறு விவசாயிகளின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடி இறங்கினார்கள். நீலகிரிக்காரர்கள் சமவெளியைக் 'கீழே' என்றுதான் சொல்வார்கள். 'பையன் கீழே இருக்கான்' என்ற பேச்சைக் கேட்காத ஊர் அங்கே குறைவு.

மாதச் சம்பளம் சமவெளியிலிருந்து வரும் ஒருவர் கேட்ட வாடகையைக் கொடுத்துவிடுவார். தோட்டத் தொழிலாளிக்கோ தனியார் பள்ளி ஆசிரியைக்கோ அது கட்டுப்படியாகாது. ஒரு வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கினால் இரண்டே இரவில் மாத வாடகைக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்றால், வீட்டுக்காரர் எதற்காகக் குடித்தனம் வைக்கப் போகிறார்? வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, வாடகைக்கு வருபவர் மேலும் தப்பில்லை. ஆனால் முடிவில் ஊரில் பிறந்தவருக்கு ஊரில் வீடு இல்லை.

தண்ணீரும் அதே கதைதான். ஈளாடா தடுப்பணை கோத்தகிரிக்குக் குடிநீர் தருகிறது. லாங்வுட் சோலைதான் சுற்றியுள்ள பல கிராமங்களுக்கு ஊற்று. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை நடைபாதை, அவர்களுக்குத் திங்கட்கிழமை குடம். கோடையில் சில நாட்களுக்கு ஒருமுறை மட்டும் குழாயில் தண்ணீர் வரும் ஊரில், புல்தரைக்கு ஹோஸ் பிடிப்பது அவர் குடத்திலிருந்து எடுப்பதுதான்.

அப்போ போகவே கூடாதா?

போகலாம். யாருக்கும் மலையில் வாழ உரிமை இல்லை என்று சொல்ல வரவில்லை. உள்ளூர்க் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் புதிய ஆட்கள் தேவைதான். ஆனால் நிரந்தர டூரிஸ்ட்டாகப் போகாதீர்கள், குடித்தனக்காரராகப் போங்கள்.

முதல் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்க. இரண்டு மழைக்காலம், ஒரு உறைபனி, ஒரு சீசன் நெரிசல் எல்லாம் அதில் வந்துவிடும். அதன் பிறகும் பிடித்திருந்தால் தங்குங்கள். வழிகாட்டிக்குக் காசு கொடுத்து நடங்கள், குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். முகவரியையும் வாக்காளர் பட்டியலையும் அந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வார்டில் தண்ணீர் வரவில்லை என்றால் உங்களுக்கும் கோபம் வர வேண்டும், அப்போதுதான் நீங்கள் அந்த ஊர்க்காரர்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மலைக்கு எத்தனை கார் ஏறுகிறது என்று எண்ணுகிறோம். ஒவ்வொரு வார்டிலும் எத்தனை குடியிருப்பு வீடுகள் ஹோம்ஸ்டே ஆகியிருக்கின்றன என்பதையும் எண்ண வேண்டும். அதற்கும் ஒரு வரம்பு வைத்து, பதிவுக் கட்டணத்தை அந்த ஊரின் தண்ணீருக்கும் குப்பைக்கும் செலவழிக்க வேண்டும். உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு வாடகை வீடு கட்டுவதையும் மலை வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வி மறுபடி வரும். 'அங்கே நமக்கு என்ன கிடைக்கும்' என்பதோடு, 'நாம போனா அங்கே இருக்கிறவங்களுக்கு என்ன மிஞ்சும்' என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பார்ப்போம். அதற்குப் பதில் சொல்ல முடிந்தால், பெட்டியைக் கட்டலாம்.